வரவேற்பில் முதல் நடனம்: சேலையோடு, எல்லோருக்கும் முன்னால், எப்படி ஆடுவது?

பனங்கீற்று | மே 4

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் எனக்குக் கல்யாணம். இடம் டொராண்டோ. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 4 வருடம்தான் ஆகிறது. அவர் 3 வயதிலேயே இங்கே வந்துவிட்டவர். காலையில் கோயிலில் தாலிகட்டு, மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. அந்த வரவேற்பில் நாங்கள் இரண்டு பேரும் முதல் நடனம் ஆட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கூட்டமாகச் சேர்ந்து ஆடுகிற குத்துப்பாட்டு இல்லை. விளக்கைக் குறைத்து, மெதுவான பாட்டு ஒன்றைப் போட்டு, இருவரும் பிடித்துக்கொண்டு ஆடுவது.

எனக்கும் விருப்பம்தான். போன வருடம் அவருடைய நண்பரின் கல்யாணத்தில் பார்த்தேன். அந்தப் பெண் தன் மாப்பிள்ளையின் தோளில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். 300 பேர் இருந்த மண்டபம். அவளுக்கு அந்த 300 பேரும் அங்கே இல்லை. எனக்கும் அப்படி 3 நிமிடம் வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

ஆனால் எனக்கு ஆடத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கோலாட்டம் ஆடியதோடு சரி. அன்றைக்குக் காஞ்சிபுரம் சேலை, கழுத்தில் தாலிக்கொடி, காலில் ஹீல்ஸ். முன்வரிசையில் அம்மா, மாமாமார், பெரியம்மா. பேஸ்மென்டில் இரண்டு தடவை பழகிப் பார்த்தோம். இரண்டு தடவையும் சண்டையில் முடிந்தது. "நீ ஏன் முந்திப் போகிறாய்" என்று அவர் கேட்கிறார். அவர் என்னை எங்கே கொண்டு போகிறார் என்றே எனக்கு விளங்கவில்லை. ஒரு வகுப்புக்கும் போனோம். 45 நிமிடத்தில் 11 அடிகள் சொல்லித் தந்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் ஒன்றும் ஞாபகமில்லை.

இப்படி ஆடிய யாராவது இருந்தால் சொல்லுங்கோ.

இரவுஒலி | மே 5

வாழ்த்துகள் தங்கச்சி. நான் கல்யாண வரவேற்புகளுக்கு டிஜே செய்கிறவன். இந்த முதல் நடனத்தை மேடைக்குப் பக்கத்தில் நின்று நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். அடியைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் பாட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

முழுப் பாட்டு வேண்டாம். தமிழ்ச் சினிமாப் பாட்டு 4 அல்லது 5 நிமிடம் ஓடும். பழகாத இரண்டு பேர் அவ்வளவு நேரம் நடுவில் நின்றால், மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள், எப்போது நிறுத்துவான் என்று. பல்லவி, ஒரு சரணம், மறுபடி பல்லவி. இரண்டரை நிமிடத்தில் முடித்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது இடையிசை. பல்லவி மெதுவாக இருக்கிறதே என்று ஒரு பாட்டை எடுப்பார்கள். இடையிசை வந்ததும் ஐம்பது வயலின் ஒன்றாக ஓடும், தபலா வேகம் பிடிக்கும், இருவரும் திகைத்து நிற்பார்கள். பாட்டைத் தேர்வு செய்யும்போது குரல் இல்லாத இடங்களைத்தான் கவனமாகக் கேட்க வேண்டும். உங்கள் நாடித்துடிப்பின் வேகம், நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு, அதற்குள் இருந்தால் உடம்புக்குச் சுகம்.

சேலைப்பெட்டி | மே 5

மணப்பெண்களுக்குச் சேலை கட்டிவிடுவது என் வேலை. உங்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

அன்றைக்கு ஆடப்போகிறேன் என்பதைக் கட்டிவிடுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வரவேற்புக்குச் சேலையைத் தரையைத் தொடும்படி கட்டுவோம், படத்துக்கு அதுதான் அழகு. ஆனால் அவர் ஒரு அடி முன்னால் வைத்தால் அவருடைய சப்பாத்து உங்கள் கொய்யகத்தின் மேல்தான் வரும். நீங்கள் பின்னால் போனால் உங்கள் ஹீல்ஸ் பின்கரையை மிதிக்கும். ஒரு அங்குலம் உயர்த்திக் கட்டினால் இரண்டும் நடக்காது. எந்தச் செருப்போடு ஆடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டுதான் உயரம் பார்க்க வேண்டும்.

அப்புறம் முந்தானை. இதை யாரும் யோசிப்பதில்லை. ஜோடியாக ஆடும்போது ஆணின் வலக்கை பெண்ணின் இடது தோள்பட்டைக்குக் கீழே, முதுகில் இருக்கும். நம் முந்தானை தொங்குவதும் அதே இடத்தில்தான். அவர் கையை அதன் மேல் வைத்து லேசாக அழுத்தினாலே போதும், தோளில் குத்திய ஊக்கு இழுபடும். ஒரு பெண்ணுக்குப் பட்டே கிழிந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருடைய கை முந்தானைக்கு உள்ளே போக வேண்டும். முந்தானை அவர் கையின் மேல் திரைபோல விழும், பார்க்கவும் அழகாக இருக்கும். சேலை இல்லாமல் பழகாதீர்கள். ஒரு பழைய பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு பழகுங்கள்.

நடைவாசி | மே 6

நான் பாரிஸில் இருக்கிறேன். 11 வருடமாக டாங்கோ ஆடுகிறேன். நீங்கள் ஆடப்போவது டாங்கோ இல்லை, இருந்தாலும் உங்கள் சண்டை எனக்கு நன்றாகத் தெரிந்த சண்டை. நானும் என் மனைவியும் முதல் ஆறு மாதம் அதே சண்டையைப் போட்டோம்.

அந்த 11 அடிகளையும் மறந்துவிடுங்கள். இரண்டு பேருக்கும் நடக்கத் தெரியும், அது போதும். தெரியாதது ஒன்றே ஒன்று: மற்றவர் இப்போது எந்தக் காலில் நிற்கிறார் என்பது. மனிதன் நிற்கும்போது பாரம் ஏதாவது ஒரு காலில் கூடுதலாக இருக்கும். பாரம் இல்லாத கால்தான் அடுத்த அடி வைக்க முடியும். உங்கள் வலக்காலில் பாரம் இருக்கும்போது, அதே வலக்காலை நகர்த்தச் சொல்லி அவர் இழுக்கிறார். உங்களால் முடியாது. அதை அவர் "முந்திப் போகிறாய்" என்கிறார், நீங்கள் "இழுக்கிறார்" என்கிறீர்கள். இருவருமே சரி.

இதைச் செய்து பாருங்கள். பாட்டு வேண்டாம். எதிரெதிரே நில்லுங்கள். அவருடைய இடக்கை உங்கள் வலக்கையைப் பிடித்திருக்கட்டும், உங்கள் தோள் உயரத்தில், முழங்கை தளர்வாக. அவருடைய வலக்கை உங்கள் முதுகில். உங்கள் இடக்கை அவருடைய மேல்கையிலோ தோளிலோ. நீங்கள் கண்ணை மூடுங்கள். அவர் காலைத் தூக்காமல், தன் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றட்டும், மிகவும் மெதுவாக. நீங்கள் "வலது", "இடது" என்று சொல்லுங்கள். முதல் நாள் பாதிக்குப் பாதி தப்பாகும். நாலாவது நாள் அவர் மாற்றப்போகிறார் என்பதே அவருடைய மூச்சில் தெரியும்.

அடுத்ததாக இடம் மாறுங்கள். நீங்கள் கொண்டு போங்கள், அவர் கண்ணை மூடிக்கொண்டு வரட்டும். இதைத் தவறவே விடாதீர்கள். இன்னொருவரின் கையில் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நடப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகு அவர் இழுக்க மாட்டார்.

தினமும் 10 நிமிடம், அவ்வளவுதான்.

வடலி | மே 8

மகள், வாழ்த்துகள். நான் சொல்வதைத் தவறாக எடுக்க வேண்டாம். லண்டனில் 31 வருடமாக இருக்கிறேன். இந்த வழக்கம் எங்கள் கல்யாணங்களுக்குள் எப்படி வந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன். முதலில் கேக் வெட்டினார்கள். பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடிக்கொண்டே மண்டபத்துக்குள் வந்தார்கள். இப்போது கட்டிப்பிடித்து ஆடுகிறார்கள்.

அன்பைக் காட்டுவது பிழை என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோர் வாழ்க்கையை அகம், புறம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். இருவருக்குள் இருப்பதற்கு ஒரு மதிப்பு இருந்தது, அது வெளியில் வராததால் இருந்த மதிப்பு. என் மனைவியின் கையை நான் 38 வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் 300 பேருக்கு முன்னால் இல்லை. உங்கள் அம்மாவும் மாமாமாரும் அந்த நேரத்தில் எங்கே பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இது வெள்ளைக்காரனுடைய வழக்கம். அவனுக்கு அது பழகிப்போனது.

நடைவாசி | மே 8

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. கடைசி வரிக்கு மட்டும் ஒரு பதில். அவனுக்கும் அது பழகிய வழக்கமாக இருக்கவில்லை. வால்ட்ஸ் லண்டன் அரச விருந்துக்குள் நுழைந்தபோது, 1816இல், டைம்ஸ் பத்திரிகை அதை ஒழுக்கக்கேடு என்று கண்டித்துத் தலையங்கம் எழுதியது. அதுவரை ஆடியவை பெரும்பாலும் வரிசையாக நின்று விரல்நுனியைத் தொட்டு ஆடும் ஆட்டங்கள். ஒரு ஆண் ஒரு பெண்ணை இடுப்பில் அணைத்துச் சுழல்வதைப் பார்க்க அவர்களுக்கும் கூசியது. நூறு வருடம் கழித்து டாங்கோவுக்கும் அதே கதை. 1913இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், தன் படை அதிகாரிகள் சீருடையில் டாங்கோ ஆடக்கூடாது என்று தடை போட்டார்.

எல்லா ஊரிலும் முதலில் பெரியவர்கள் முகத்தைத் திருப்பித்தான் இருக்கிறார்கள்.

வைகைக்கரை | மே 9

பெரியவர் அகம், புறம் என்று சொன்னதால் எழுதுகிறேன். மதுரையில் தமிழ் கற்பிப்பவள் நான்.

பதிற்றுப்பத்தில் 52ஆம் பாட்டு. பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெண்புலவர், பாடப்பட்டவன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். பதிற்றுப்பத்து புறநூல் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு, விளக்கொளி, முழவு ஒலிக்கிறது. பெண்கள் துணங்கை ஆடுகிறார்கள். அரசன் இறங்கிப்போய் அவர்களுக்குத் தலைக்கை கொடுத்து ஆடுகிறான். அதைக் கண்ட அரசிக்கு உடம்பு நடுங்கும் அளவுக்குக் கோபம். கையிலிருந்த சிறு செங்குவளைப் பூவை அவன்மேல் எறிய ஓங்குகிறாள். அவன் கையை நீட்டி, அந்தப் பூவைக் கொடு என்று இரக்கிறான். நீ எனக்கு யார் என்று கேட்டுவிட்டு அவள் விலகிப் போகிறாள். புலவர் அதோடு விடவில்லை. இவள் கையிலிருக்கும் பூவையே வாங்க முடியாத நீ, பகைவரின் கோட்டைகளை எப்படி வாங்குகிறாய் என்று அரசனைக் கேட்கிறார்.

துணங்கையும் இன்று மண்டபத்தில் ஆடுவதும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அது கூட்டமாக ஆடுவது, கையை மடக்கி விலாவில் அடித்து ஆடும் வேகமான ஆட்டம். ஆனால் ஆணும் பெண்ணும் கைகொடுத்து ஊரறிய ஆடியதும், அதில் காதலும் ஊடலும் இருந்ததும், அதைப் பெண்ணொருத்தி அரசவையில் பாடியதும் நம் நூலில்தான் இருக்கின்றன.

அந்தப் பாட்டில் ஒரு சொல் இருக்கிறது, வகுப்பில் அதைச் சொல்லும்போதெல்லாம் நின்றுவிடுவேன். துணங்கை ஆடும் பெண்களுக்கு அரசன் "தழூஉப் புணை" ஆனான் என்கிறார் புலவர். புணை என்றால் தெப்பம். தழுவிக்கொள்ளும் தெப்பம். ஆட்டத்தில் கைகொடுப்பவர் யார் என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியுமா?

வடலி | மே 9

அருமையாகச் சொன்னீர்கள் ஆசிரியை. இந்தப் பாட்டை எப்போதோ படித்து மறந்துவிட்டேன், இன்றிரவு எடுத்துப் படிப்பேன். ஆனாலும் பாருங்கள், அந்த அரசன் தன் மனைவியோடு ஆடவில்லை, மற்றப் பெண்களோடு ஆடினான். மனைவிக்கும் அவனுக்கும் இடையில் நடந்தது அந்தப் பூவும் அந்தக் கேள்வியும்தான். என் கருத்து அப்படியே இருக்கிறது.

வைகைக்கரை | மே 9

ஐயா, இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. நீங்கள் நன்றாகப் படித்திருக்கிறீர்கள்.

சிறுவாணி | மே 12

நான் கல்யாணத்தைப் பற்றி எழுதவில்லை. நடைவாசி சொன்ன பாரம் மாற்றும் பயிற்சியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

கோவையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 67 வயது, பார்க்கின்சன் வந்து 6 வருடம் ஆகிறது. நடந்துகொண்டே இருப்பார், குளியலறை வாசலில் வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். மூளை போகச் சொல்கிறது, கால் கேட்காது. நாம் கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். இழுக்கக்கூடாது என்று அவருடைய பிசியோதெரபிஸ்ட்தான் சொல்லிக்கொடுத்தார். எதிரே நின்று இரண்டு கையையும் பிடித்து, முதலில் பாரத்தைப் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் மாற்ற வைக்க வேண்டும். ஒரு தாளத்தில் மாற்ற வைத்தால் இன்னும் நல்லது. பாரம் ஒரு காலில் முழுதாக இறங்கியதும் மறுகால் விடுபடும்.

அம்மா பள்ளிப்பருவத்தில் மூன்று வருடம் பரதம் கற்றவர். அவர் "தகதிமி, தகதிமி" என்று மெல்லச் சொல்லி அப்பாவை அசைப்பார். வாசலுக்கு வாசல் இப்படித்தான் போவார்கள்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு டாங்கோ கற்றுக்கொடுத்து, அவர்களுடைய உடல் சமநிலை மேம்படுவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் மருத்துவரிடம் கேட்டேன். சுவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் செய்யலாம் என்றார். இப்போது தினமும் மாலை 5 மணிக்கு, ஹாலில் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு, இருவரும் பழைய பாட்டு ஒன்று போட்டுக்கொள்வார்கள். கிரைண்டர் சத்தம் கேட்டால்கூட நான் போய் நிறுத்திவிடுவேன்.

42 வருடத்தில் அப்பா அம்மாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இப்போது தினமும் பார்க்கிறேன். முதல் வாரம் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்குகிறேன்.

பனங்கீற்று | மே 13

சிறுவாணி அக்கா, வேலையில் இருந்தபடி படித்தேன். கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அப்பாவுக்கு எங்கள் இருவரின் அன்பையும் சொல்லுங்கோ.

பனங்கீற்று | ஜூன் 20

ஒரு மாதம் எழுதவில்லை, மன்னிக்கவும். நடைவாசி அண்ணை சொன்னதைச் செய்தோம். முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது, அவருக்கு எரிச்சல். நாலாவது நாள் இடம் மாறினோம், அவர் கண்ணை மூடினார், நான் கொண்டுபோனேன். அவர் என்னைவிட அரை அடி உயரம், நல்ல பாரம். இரண்டு அடி வைத்ததும் நின்றுவிட்டார். "பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நீ இத்தனை நாளும் எப்படி வந்தாய்" என்று கேட்டார். சண்டை அன்றோடு நின்றது.

இன்னொன்றும் விளங்கியது. நான் அவரை நம்பாமல் இல்லை, என் பாரத்தை நானே வைத்துக்கொண்டிருந்தேன். கை அவருடைய தோளில் இருக்கும், ஆனால் தோளில் பாரம் இருக்காது, தூக்கிப் பிடித்திருப்பேன். இரண்டாவது கிழமைதான் கையை உண்மையாகவே வைத்தேன். அவர் உடனே "இப்பதான் நீ வந்தாய்" என்றார்.

இப்போது சந்தேகம் வேறு. எங்களுக்கு அசையத் தெரிகிறது, மெதுவாகத் திரும்பவும் தெரிகிறது. இரண்டரை நிமிடம் இதையே செய்தால் பார்க்கிறவர்களுக்கு அலுக்காதா? நடுவில் ஒரு சுற்று, ஒரு சாய்ப்பு, ஏதாவது வைக்க வேண்டுமா?

நடைவாசி | ஜூன் 21

சாய்ப்பு வேண்டாம். தாலிக்கொடியும் தலையில் பூவும் வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தால் கழுத்து நோகும். ஒரு சுற்று வைக்கலாம், அதுவும் விருப்பமிருந்தால் மட்டும்.

அலுக்குமா என்று கேட்டீர்கள். 2018இல் நான் புவெனஸ் ஐரெஸ் போயிருந்தேன். டாங்கோ அந்த ஊரிலும், ஆற்றுக்கு அக்கரையில் மொந்தேவிதேயோவிலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் அர்ஜென்டினா, உருகுவே இரண்டு நாடுகளும் சேர்ந்தே பதிவு செய்தன. மேடையில் ஆடுகிற டாங்கோவைப் பார்த்துவிட்டு, கால்களை வீசி ஆடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு மிலோங்காவுக்குப் போனேன். மிலோங்கா என்றால் ஊர்க்காரர்கள் கூடி ஆடும் இடம். இரவு 12 மணிக்குத்தான் கூட்டமே சேர்ந்தது. பாதிப்பேர் 60 வயதுக்கு மேல். யாரும் காலை வீசவில்லை. தளம் நிறைந்திருந்தது, எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரே ஆறுபோல நகர்ந்தார்கள். ஒரு ஜோடிக்குக் கிடைத்தது ஒரு பாய் அளவு இடம். பெண்களில் பலர் கண்ணை மூடியிருந்தார்கள்.

அங்கே பிடிக்கு "அப்ராசோ" என்று பெயர். அந்த ஊர் மொழியில் அணைப்பு என்று பொருள். ஆட்டத்துக்கென்று தனிச் சொல் இல்லை, அம்மா பிள்ளையை அணைப்பதற்கும் அதே சொல்தான். ஆடக் கூப்பிடுவதும் வாயால் இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பார்கள், மற்றவரும் பார்த்தால் லேசாகத் தலையசைப்பார்கள். விருப்பமில்லாவிட்டால் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம், யாருக்கும் அவமானமில்லை. மூன்று நாலு பாட்டுகள் ஒரு தொகுப்பு. அது முடியும்வரை அதே ஜோடி. தொகுப்புகளுக்கு நடுவில் சம்பந்தமில்லாத ஒரு துண்டு இசை போடுவார்கள், அதற்குத் திரை என்று பெயர். திரை விழுந்ததும் அவரவர் நாற்காலிக்குப் போய்விட வேண்டும்.

அங்கே ஒரு முதிய ஜோடியை நான் மூன்று பாட்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் செய்ததெல்லாம் நடந்தது, நின்றது, நடந்தது. ஓர் இடத்தில் பாடகர் சொல்லை இழுத்தபோது இருவரும் ஒரே காலில் பாரத்தை வைத்து நின்றுவிட்டார்கள், சொல் முடிந்தபிறகுதான் மறுகால் இறங்கியது. என் கண்ணில் இன்னும் நிற்கிறது அந்த நிற்றல். நான் 11 வருடத்தில் கற்ற சுற்றுகளெல்லாம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

நீங்கள் நிற்கும் இடங்களைப் பாட்டில் தேர்ந்தெடுத்து வையுங்கள். சுற்றைவிட அது நன்றாக இருக்கும்.

இரவுஒலி | ஜூன் 21

நடைவாசி சொன்னதற்கு என் தொழிலிலிருந்து ஒன்று. தாளத்தைக் கவனியுங்கள். மெதுவான பாட்டு எல்லாம் ஒரே நடை இல்லை. சிலது "தகதிமி" என்று நாலாகப் போகும், சிலது "தகிட தகிட" என்று மூன்றாகப் போகும். நாலில் இடது, வலது என்று சமமாக அசையலாம். மூன்றில் "த" விழும்போது மட்டும் பாரத்தை மாற்றுங்கள், "கிட" தானாகப் போகட்டும். ஒருமுறை இடக்காலில் த, அடுத்தமுறை வலக்காலில் த. ஊஞ்சல் மாதிரி வரும். வால்ட்ஸுக்கும் கணக்கு இந்த மூன்றுதான். உங்கள் அம்மாமார் தாலாட்டில் தொட்டில் ஆட்டின கைக்கும் இந்த நடை தெரியும். முதன்முதலாக ஆடுகிறவர்களுக்கு நான் தகிடப் பாட்டைத்தான் கொடுப்பேன்.

சேலைப்பெட்டி | ஜூன் 22

பழைய பட்டுச்சேலையில் பழகினீர்களா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

பனங்கீற்று | ஜூன் 22

பழகினோம் அக்கா. அம்மாவின் கூறைச்சேலையில். அம்மாவே எடுத்துத் தந்தவ, ஏன் என்று கேட்கவில்லை. பேஸ்மென்ட் படியில் இருந்து கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அவருக்கு உன்ர முந்தானையைப் பிடிக்கத் தெரியேல்லை" என்றுமட்டும் சொன்னவ. அப்போதுதான் கையை உள்ளே விட வேண்டும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது.

வடலி ஐயா எழுதியதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாமாமார் எங்கே பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தாரே, அதையும். அம்மா யோசித்துவிட்டு, விளக்கைக் குறைக்கச் சொல், பார்க்க விரும்புகிறவர்கள் பார்ப்பார்கள், மற்றவர்கள் சோடா குடிப்பார்கள் என்றா.

இரவுஒலி | ஜூன் 22

விளக்கைக் குறைப்பது நல்ல யோசனை. அந்த நேரத்தில் உணவு மேசைகளையும் திறந்துவிடச் சொல்லுங்கள். எழும்பிப் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

சிறுவாணி | ஆகஸ்ட் 30

பனங்கீற்று, நாள் நெருங்கிவிட்டதே. அப்பா கேட்கச் சொன்னார், பாட்டு எது என்று. அம்மா கேட்கச் சொன்னார், சேலை என்ன நிறம் என்று. அப்பா போன மாதம் ஒரு தடவை விழுந்துவிட்டார், மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. இரண்டு வாரம் பாட்டு நின்றிருந்தது. முந்தாநாள் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் நல்ல கையை மட்டும் பிடித்து, உட்கார்ந்தபடியே அசைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே பக்கம் திரும்பி வந்தார்கள்.

பனங்கீற்று | ஆகஸ்ட் 30

அரக்கு நிறம் அக்கா, மாம்பழ மஞ்சள் கரை. பாட்டை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது, தனிமடலில் அனுப்புகிறேன். தகிட நடைதான். அப்பா கெதியில் எழும்பி நிற்க வேண்டும்.

பனங்கீற்று | செப்டம்பர் 23

கல்யாணம் முடிந்து 10 நாள். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

விளக்கு குறைந்தது. கையைப் பிடித்துக்கொண்டு நடுவுக்குப் போனோம். என் முழங்கால் நடுங்கியது அவருக்குத் தெரிந்திருக்கிறது, பாட்டுத் தொடங்கியும் உடனே அசையவில்லை. முதல் இரண்டு தகிடவை விட்டுவிட்டு, நான் எந்தக் காலில் நிற்கிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார். முந்தானை சரி. கொய்யகம் சரி. பல்லவி முடிந்து சரணம் வந்தது. சரணத்தின் மூன்றாவது வரியில் மெதுவாக விலகி ஒரு சுற்றுச் சுற்றி வருவதாக இருந்தோம். பேஸ்மென்டில் நூறு தடவை செய்தது.

விலக முடியவில்லை. தாலிக்கொடி அவருடைய கோட் பொத்தானில் சுற்றிக்கொண்டுவிட்டது. நான் ஒரு அங்குலம் பின்னால் போனேன், கழுத்தில் இழுத்தது. அவர் குனிந்து பார்த்தார், நானும் பார்த்தேன். கழற்றக் கையை எடுத்தால் 300 பேருக்கும் தெரியும். அவர் என் காதில், "நில், அப்படியே நில்" என்றார்.

நின்றோம். சுற்று இல்லை, திரும்புதலும் இல்லை. என் நெற்றி அவருடைய தாடையில் இருந்தது. பாரத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தோம், இந்தக் காலில் ஒரு த, அந்தக் காலில் ஒரு த. மே மாதத்தில் முதன்முதலாகப் பழகியது அதுதான். அது போதுமாக இருந்தது. நான் எப்போது கண்ணை மூடினேன் என்று தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் எனக்குத் தெரியவில்லை. கைதட்டல் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

வைகைக்கரை அக்கா, அந்தப் புணை என்ற சொல்லை அவருக்கு முதலே சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவரே அதைச் சொன்னார்.

வடலி ஐயா, பெரிய மாமா சோடா குடிக்கப் போய்விட்டார். சின்ன மாமா கடைசிவரை இருந்து பார்த்தார். அம்மா பார்த்தாவா என்று நான் கேட்கவில்லை.

வடலி | செப்டம்பர் 23

நீடூழி வாழ்க, மகள். பெரிய மாமாவோடு நானும் வெளியில்தான் நின்றிருப்பேன். ஆனால் கதவைச் சாத்தியிருக்க மாட்டேன்.

சேலைப்பெட்டி | செப்டம்பர் 24

கொடியை நான் யோசிக்கவே இல்லை! அதை ரவிக்கைக்குள் விடச் சொல்லியிருக்க வேண்டும். பொத்தானில் இருந்து எப்படி எடுத்தீர்கள்? கொடிக்கு ஒன்றும் ஆகவில்லையே?

பனங்கீற்று | செப்டம்பர் 24

கொடிக்கு ஒன்றுமில்லை அக்கா. மேடைக்குப் பின்னால் போய் அவருடைய அக்கா நகவெட்டியால் பொத்தானின் நூலை வெட்டினா. பொத்தான் கொடியோடு வந்துவிட்டது. இனி ஆடப்போகிறவர்கள் கொடியை உள்ளே விடுங்கோ, மாப்பிள்ளையின் கோட்டுக்கு மேல்பொத்தான் இல்லாமல் தையுங்கோ. எங்கள் பொத்தான் இன்னும் தைக்கவில்லை, அலுமாரியில் குங்குமச்சிமிழுக்குள் கிடக்கிறது.